இரண்டாம் குவளை

கட்டுரையில் சேர்ப்பதற்காகப் போன வாரத்துச் சோதனைத் தாளை எடுத்த டாக்டர் குணமணி அதை மறுபடி வாசித்தாள். தாளின் ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே ‘குவளை 2’ என்று எழுதியிருந்தது. அப்போது காலை ஒன்பதரை.

அந்த ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடிக் குவளைகள் உண்டு. முதலாவது தவளைத் தசைக்கு. அதைக் கழுவுவது பணியாளர் யாக்கூப். இரண்டாவது, பன்றிக் குடலிலிருந்து வரும் புழுக்களுக்கு. யாக்கூப் அதைத் தொடமாட்டார், குணமணியே கழுவிக்கொள்வாள். 1954இலிருந்து ஏழு வருடமாக இதில் இருவருக்கும் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை. யாரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்ததும் இல்லை, அதுதான் வினை.

போன வாரம் முதல் குவளையில் விரிசல் விழுந்துவிட்டது. அவசரக்குடுக்கை குணமணி தவளைத் தசையைப் புழுக் குவளையில் கட்டிவிட்டாள். தவளை வேலை என்றால் குவளையை யாக்கூப் கழுவியிருப்பார் என்று அவளுக்கு ஊறிப்போன பழக்கம். புழுக் குவளை என்றால் யாக்கூப்பின் கை தானாக ஒதுங்கும். அன்று காலை புழுச் சோதனைக்காக அதில் ஊற்றிய, தசையைச் செயலற்றதாக்கும் குராரே விஷம் அடியில் அப்படியே தங்கியிருக்க வேண்டும்.

தவளையில் அவள் சோதித்தது, மூன்று வருடம் மாடாய் உழைத்துக் கண்ட புழு மருந்தை. புழுவின் தசையை இறுக்கி முடக்கிவிடும். தவளையை ஒன்றும் செய்யவில்லை, அதனால் மனிதரையும் செய்யாது என்று எழுதி முடித்திருந்தாள். ஆனால் தவளைத் தசையில் மருந்து பற்றும் ஏற்பிகளைக் குராரே முன்பே அடைத்திருந்தால்? அடைபட்ட பூட்டில் எந்தச் சாவிதான் நுழையும்?

குவளையை ஐந்து முறை கழுவினாள். புதுத் தசையைக் கட்டி மருந்தை ஒரு சொட்டு விட்டாள். தசையின் இறுக்கத்தைப் பதியும் முள் விறுவிறுவென்று மேலே ஏறியது, இறங்கவே இல்லை. புழுவுக்கு ஆனதேதான் தவளைக்கும் ஆனது. மனிதரின் மூச்சுத் தசைக்கும் அதுதான் ஆகும்.

நேற்று மாலை அந்த மருந்தில் ஒரு புட்டியை யாக்கூப்பிடம் கொடுத்திருந்தாள். அவருடைய ஆறு வயது மகள் ஆயிஷா வயிற்றுப் பூச்சித் தொல்லையால் துரும்பாய் இளைத்துக் கிடந்தாள். “காலையில வெறும் வயித்தில குடுங்கோ” என்று பெருமையாக வேறு சொன்னாள் மகராசி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாக்கூப் இன்று விடுப்பு.

அவள் பிடித்த டாக்ஸி, யாக்கூப் குடியிருந்த தேக்கா வட்டாரத்துக்குள் நுழைந்ததும் மாட்டு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. குணமணி இறங்கி ஓடினாள். டன்லப் ஸ்ட்ரீட் வருவதற்குள் எத்தனை முறை அந்தக் குழந்தையைப் பிணமாகப் பார்த்துவிட்டாளோ, அவளுக்கே தெரியாது.

வீட்டு வாசற்படியில் ஆயிஷா உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். குணமணி ஓட்டத்தை நிறுத்தினாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

யாக்கூப்பின் மனைவி ருக்கையா வெளியே வந்தாள்.

“மருந்து குடுத்திட்டீங்களோ?” என்றாள் குணமணி.

“இல்ல டாக்டரம்மா. புள்ளைக்கு முந்தி நான் குடிச்சுப் பாக்குறேன்னு இவரு புட்டியோட குடிச்சுட்டாரு. எட்டு மணி இருக்கும். இப்ப அசதியா இருக்குன்னு படுத்திருக்காரு.”

உள்ளே யாக்கூப் மல்லாந்து கிடந்தார். இமைகள் பாதியில் தொங்கின, தூக்க முடியவில்லை. நெஞ்சு மேலோட்டமாக ஏறி இறங்கியது. குணமணி அவர் கையைப் பற்றினாள், அதில் பிடிமானமே இல்லை.

“ருக்கையா, கடையில போன் இருக்குமே. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. ஓடுங்கோ.”

யாக்கூப் ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். “போன வாரம் தவளை கட்டுன… அந்தப் புழுக் குவளைய… நான் கழுவல டாக்டரம்மா. நீங்க கழுவுனீங்களான்னு… நேத்தே கேக்க நெனச்சேன். படிச்சவங்கள… அப்படிக் கேக்க… வாய் வரல.”

அழக்கூடக் குணமணிக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

“நானும் கழுவேல்ல, யாக்கூப்.”

யாக்கூப் வாசல் பக்கம் கண்ணைத் திருப்பினார்.

“அப்ப… புள்ளைக்குக் குடுக்காதது… நல்லதாப் போச்சுலா.”

அதற்குப் பிறகு அவர் உதடு அசையவில்லை. நெஞ்சின் அசைவும் நின்றுகொண்டு வந்தது. குணமணி அவர் மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து ஊதத் தொடங்கினாள்.