ஓடுதளம் காலியில்லை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை, அக்காவுடையது. சாப்பாட்டு மேசையில் அவள் சொல்லச் சொல்ல, நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டே திருடினேன். இப்போது அவள் வேலை பார்க்கும் விமான நிலையத்தில், அலுவலக நடைவழியின் பெஞ்சில் உட்கார்ந்து, வீட்டில் எழுதி அவளிடம் காட்டிய பக்கங்களைத் திருத்தி எழுதுகிறேன். எதிரே மூடிய கதவு. உள்ளே அக்காவை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். கதவு திறப்பதற்குள் கதையை முடித்துவிட வேண்டும்.

2

தொடக்கம் ஒன்று: "நீல வானில் சிறகு விரித்த பறவைகள் சுதந்திரத்தின்

(விட்டுவிட்டேன். இதை வாசித்துவிட்டு அக்கா கேட்டது: "யாருடா இது, வாழ்த்து அட்டைக்கு எழுதுறவனா?")

தொடக்கம் இரண்டு: பறவைகளை விரட்டுவது அவளுடைய வேலை.

இது தேவலை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

அவள் ஜீப்பில் ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவாள். பறவை இருந்தால் வெடி போட்டுக் கிளப்புவாள். பிறகு வாக்கி டாக்கியில் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வாள்: "ஓடுதளம் காலி." அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வராமல் எந்த விமானமும் நகராது. சேர்ந்த அன்று முதல்முறை அதைச் சொன்னபோது குரல் கீச்சிட்டுவிட்டது. ஜீப் ஓட்டுநர் பதறிப்போய், "ஐயையோ, ஓடுதளத்துக்கு என்னம்மா ஆச்சு? நல்லாத்தானே இருந்துச்சு!" என்றாராம்.

அங்கே அவளுக்கு வைத்த பெயர் ஆட்காட்டி. ஓடுதளத்தோரப் புல்லில் முட்டையிட்டு, யாராவது பக்கத்தில் வந்தால் கத்தி ஊரைக் கூட்டும் பறவை அது. கேலிக்கு வைத்த பெயர்தான். எனக்கு அதில் பெருமை. இந்தக் கதையிலும் அவள் ஆட்காட்டியாகவே இருக்கட்டும்.

3

(இந்தப் பகுதியில் பறவைகள் அவளுக்குத் துணிச்சலைக் கற்றுத் தருவதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அவள் ஒரே கோடாக அடித்துவிட்டாள்.)

"அதுங்க எனக்கு ஒண்ணும் வகுப்பு எடுக்கலடா. அதுங்க பாட்டுக்குப் பறந்துச்சு. நான் பாத்து வச்சுக்கிட்டேன்."

"என்ன பாத்த?"

"பத்து வருஷமா விரட்டுறேன். எந்தப் பக்கமா விரட்டினாலும் சரி, காத்துக்கு முதுகைக் காட்டிக் கிளம்பினத நான் பாத்ததே இல்ல. காத்து எங்க மூஞ்சில அடிக்குதோ, அங்கதான் திரும்பும். அப்பதான் தூக்கும். விமானமும் அப்படித்தான்."

இரண்டு பக்கத்தில் நான் சொல்ல முடியாததை, தட்டில் கை காய்வதற்குள் சொல்லிவிட்டாள். எழுத்தாளன் நானாம்.

4

போன வாரம் மழை விட்ட காலை. ஈரத்துக்குப் புழுக்கள் வெளியே வந்திருந்தன. ஓடுதளத்தின் நடுவில் நாற்பது ஆட்காட்டிகள், எல்லாம் காற்றைப் பார்த்தபடி. வெடி போட்டாள். எழுந்தன, ஒரு சுற்று சுற்றின, அதே இடத்தில் இறங்கின. இன்னொரு வெடி. மறுபடியும் அதே கதை. முனையில் ஒரு விமானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு உறுமியபடி நின்றது.

மேற்பார்வையாளர் போனில் வந்தார். "இன்னும் என்ன பண்ற? விமானத்துக்குள்ள பெரிய ஆளுங்க இருக்காங்க. சத்தம் கேட்டா அதுங்களே பறந்துடும். காலின்னு சொல்லிட்டு வா."

"காலியில்ல சார்."

"சொல்லும்மா!"

போனை வைத்துவிட்டு வாக்கி டாக்கியை எடுத்தாள். "ஓடுதளம் காலியில்லை. நாற்பது பறவை. விமானத்தை நிறுத்தி வையுங்கள்."

ஜீப்பை விட்டு இறங்கி, ஓட்டுநர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கை தட்டிக்கொண்டு ஓடினார்கள். கடைசிப் பறவை வேலியைத் தாண்டிய பிறகுதான் அந்தச் சொல்லைச் சொன்னாள். பதினொரு நிமிடத் தாமதம்.

அதற்குத்தான் இந்த விசாரணை. தட்டச்சு செய்த தாள் ஒன்று உள்ளே தயாராக இருக்கிறது: "பதற்றத்தில் பறவைகள் இருப்பதாகத் தவறாகக் கூறிவிட்டேன்." கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால் ஓடுதளப் பணி போய்விடும். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

5

(இந்தப் பகுதியை எடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.)

சேர்ந்த வருடம் ஒருநாள் ஓடுதளத்தில் ஒற்றைப் பறவை நின்றது. அவளுக்கு அது தெரிந்தது. நேரமாகிறது என்று யாரோ திட்ட, பயத்தில் "காலி" என்று சொல்லிவிட்டாள். விமானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் மூக்கில் ஒட்டியிருந்த இறகுகளை அவள்தான் ஈரத்துணியால் துடைத்தாள். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. இந்த வாரம்தான் என்னிடம் சொன்னாள்.

"இது வேணாம்க்கா. அச்சுல வந்தா உன் ஆபீசுல படிப்பாங்க."

"படிக்கட்டும். செய்யாத தப்புக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. செஞ்ச தப்ப எவனும் கேக்கல. நீயாவது எழுது."

என் எழுத்தில் இதுவரை நான் எதற்கும் பயந்ததில்லை என்று நினைத்திருந்தேன். உண்மையில் பயப்படும்படியாக ஒன்றையும் எழுதவில்லை, அவ்வளவுதான்.

6

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். நாளைக்கும் ஜீப்பில் ஏறுகிறாள். அவள் சொல்லும் "காலி"யை இனி

முடிவு இரண்டு: போடவில்லை. மேற்பார்வையாளர் எழுந்து மன்னிப்புக்

(அந்த மனிதர் எழ மாட்டார். கதவை மூடும்போது நாற்காலியைப் பார்த்தேன், அப்படிப்பட்ட நாற்காலி.)

முடிவு மூன்று: அவள் பேனாவை எடுத்து, அந்தத் தாளிலேயே, தட்டச்சு செய்த வரிக்குக் கீழே

7

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கிறது. கதவின் கைப்பிடி திரும்புகிறது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டால் நடந்ததை எழுதிவிடுவேன். பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எந்தத் தாளோடு வந்தாலும் இவள் என் அக்கா. நாற்பது பறவைகளையும் ஒரு விமானத்தையும் ஒரே சொல்லால் காப்பாற்றியவள்.

மூன்றாவது முடிவை அரைகுறையாகவே விட்டிருக்கிறேன். அதன் கீழே ஓடுதளம் மாதிரி இடம் இருக்கிறது. நீங்கள் ஒருமுறை நன்றாகப் பாருங்கள், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. பயத்தில் சொல்லாதீர்கள், அவசரத்திலும் சொல்லாதீர்கள். உண்மையிலேயே காலி என்றால் மட்டும் சொல்லுங்கள்.

அவள் கிளம்பக் காத்திருக்கிறாள்.