திரைச்சீலையில் தைத்த ஆன்டெனா

எட்டு மாதமாக எர்மினியா சனிக்கிழமைதோறும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மதியம் ஒரு மணிக்குப் புருஷன் நிபால்தோ குன்றின் உச்சியிலிருந்து மூச்சிரைக்க இறங்கி வந்து, தொப்பியை ஆணியில் மாட்டியபடியே கேட்பார்.

"கேட்டியா, கிழவி?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. குரல் தெளிவா இருந்துச்சு."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு சாப்பிட உட்காருவார். அவ்வளவுதான். சின்னப் பொய்தான், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அவள் கேட்டதெல்லாம் வெறும் இரைச்சல்.

சிலி நாட்டுத் துறைமுக நகரமான வால்பராய்சோவில் அந்தக் குன்றுக்காரர்கள் சேர்ந்து ஒரு வானொலி நிலையம் வைத்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தின் பின்னறையில் ஒரு மேசை, இரண்டு மைக், கூரைமேல் ஒரு கம்பம். அரசாங்கம் அவர்களுக்குக் கொடுத்தது ஒரே ஒரு வாட். வீட்டுக் கழிப்பறை பல்புகூட அதைவிட அதிகம் சாப்பிடும். அந்த ஒரு வாட் குன்றின் முன்பக்கம் முழுக்கப் போய்ச் சேரும். நிபால்தோ வீடு இருந்ததோ பின்பக்கச் சரிவில், பள்ளத்தைப் பார்த்தபடி. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்றவருக்குச் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பழைய பாட்டுகள் போட்டு நடுநடுவே பேச முக்கால் மணி நேரம் கொடுத்தபோது, ஊரிலேயே அதைக் கேட்க முடியாத வீடுகளில் ஒன்று அவருடையதாக இருந்தது.

வீட்டிலிருந்த பெட்டியைக் குறை சொல்ல முடியாது. எழுபதுகளில் ஒரு கப்பல்காரனிடம் நிபால்தோ வாங்கிய ஜப்பான் ட்யூனர் அது. வெள்ளி நிற முகம், அம்மிக்கல் கனம், நிலையம் எவ்வளவு பலமாக வருகிறது என்று காட்ட ஒரு குட்டி முள். பின்பக்கத் திருகில் ஒரு முழம் மொட்டைக் கம்பி தொங்கியது. நகரத்துப் பெரிய நிலையங்களுக்கு அதுவே போதும், முள் துள்ளி எழும். குன்று வானொலிக்கு மட்டும் அது படுத்த படுக்கைதான்.

முதல் வாரம் அவர் வந்து நின்ற முகத்தைப் பார்த்தபோது "ஒண்ணுமே கேக்கல" என்று சொல்ல எர்மினியாவுக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு சொல்லவே வழியில்லாமல் போயிற்று. ஆனாலும் பன்னிரண்டு அடித்ததும் அடுப்பைத் தணித்துவிட்டுப் பெட்டிமுன் உட்காருவாள். சரியான எண்ணில் நிறுத்தி முக்கால் மணி நேரம் இரைச்சலைக் கேட்பாள். அதற்குள்ளே எங்கேயோ அவர் இருக்கிறார் என்பது அவள் கணக்கு. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

திங்கட்கிழமை நிலையத்தை நடத்தும் யோலாந்தா வந்து கதவைத் தட்டினாள்.

"எர்மினியா அக்கா, ஞாயித்துக்கிழமை நம்ம ரேடியோவுக்கு ஒரு வயசு. எல்லாரும் மேல வந்துடுங்க, கறி அடைச்சு எம்பனாதா சுடறோம். அப்புறம் இன்னொண்ணு. நீங்க மைக்ல ரெண்டு வார்த்தை பேசணும்."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"உங்களைவிட யாருக்குத் தெரியும்? அவர் நிகழ்ச்சியில உங்களுக்கு எது பிடிச்சுதுன்னு சொன்னாப் போதும்." சொல்லிவிட்டு யோலாந்தா ஒரு மாதிரி சிரித்தாள்.

எர்மினியாவுக்கு இந்தச் சிரிப்பு புதிதல்ல. கொஞ்ச நாளாகவே காய்கறிக்காரன், வாடிக்கைக்காரிகளைக் கூப்பிடுகிற மாதிரியே "எடுத்துக்கோ காசேரா, காசு வேண்டாம்" என்று ஒரு கட்டு கொத்தமல்லியைக் கூடையில் திணித்துச் சிரிக்கிறான். கம்பியில் இழுபட்டுக் குன்றேறும் தூக்குவண்டியில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணும் சிரிக்கிறாள். தன் குட்டு எப்படியோ ஊருக்குத் தெரிந்துவிட்டதென்று அவள் நினைத்தாள். அவமானம் தனக்கு வந்தால் பரவாயில்லை. எட்டு மாதமாகத் தன் வீட்டு இரைச்சலிடம்தான் பேசிக்கொண்டிருந்தோம் என்று அந்த மனுஷனுக்கு, அதுவும் ஊர் முன்னால், தெரியக் கூடாது. அதற்கு ஒரே வழி, நடுவில் இருக்கிற ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சியையாவது காதால் கேட்பது.

கூரையில் ஆன்டெனா வைத்தால் தெருவுக்கே தெரியும். "அப்போ இத்தனை நாள் எதுல கேட்டே?" என்பார் நிபால்தோ. ஆக வீட்டுக்குள்ளேயே, கண்ணில் படாமல் ஒன்று வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை, அவர் பழைய துறைமுகத் தோழர்களோடு கடற்கரைக்குப் போனதும், எர்மினியா தூக்குவண்டியில் கீழே இறங்கி ரேடியோ ரிப்பேர்க்காரர் தோன் பாசிலியோ கடைக்குப் போனாள்.

பாசிலியோ முதலில் கொடுத்தது முயல் காது. இழுத்தால் நீளும் இரண்டு கம்பிகள். அவள் வீட்டில் அதை அலமாரிமேல், ஜன்னலோரம், குளிர்சாதனப் பெட்டிமேல் என்று எங்கெல்லாமோ வைத்துப் பார்த்தாள். ஒரு கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றபோது மட்டும் யாரோ தும்மியது கேட்டது. சனிக்கிழமை முக்கால் மணி நேரம் ஒற்றைக் காலில் நிற்க அவள் முழங்கால் ஒத்துக்கொள்ளாது.

புதன்கிழமை அதை மாற்றி, கரண்டில் செருகுகிற ஒன்றைக் கொடுத்தார். சிவப்பு விளக்கெல்லாம் உண்டு. "இது சிக்னலைப் பெருசாக்கும் அம்மா," என்றார். பெரிதாக்கத்தான் செய்தது. எதை என்றுதான் அது பார்க்கவில்லை. கீழே நகரத்து நிலையம் ஒன்றின் பிரசங்கியார் எண்பத்தெட்டிலிருந்து நூற்றெட்டுவரை எல்லா இடத்திலும் நின்று மனந்திரும்பச் சொன்னார். குன்று வானொலி இருந்த இடத்தில் அவர் குரல் இன்னும் உரக்கக் கேட்டது.

வியாழக்கிழமை எர்மினியா அதைக் கடை மேசைமேல் வைத்த வேகத்தில் திருகாணிகள் துள்ளின. "தோன் பாசிலியோ, எனக்குப் பிரசங்கம் வேண்டாம். பக்கத்துல மெதுவாப் பேசற ஒருத்தர் குரல் வேணும்."

"மெதுவாப் பேசறவரா? இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் பாசிலியோ. அவரும் முதலிலேயே கேட்டிருக்கலாம். கடைசியில் அவர் எடுத்துப் போட்டது கடையிலேயே மலிவான சாமான்: தட்டையான ஒயர், ஒரு ஆள் நீளம், நடுவிலிருந்து இன்னொரு ஒயர் இறங்கும். விரித்தால் சிலுவை போல இருந்தது. இதை முதல் நாளே கொடுத்திருந்தால் அவள் மூன்று தடவை மலை இறங்கியிருக்க வேண்டாம். கடைக்காரர்களுக்கு அந்த ஞானமெல்லாம் கடைசியில்தான் வரும்.

வீட்டில் அவள் அதைக் கவனமாகக் கட்டினாள். ஒரு முனையைப் படுக்கையறைக் கதவில் முடிந்து, மறுமுனையை ஜன்னல் வழியே குன்றின் உச்சியைக் குறிபார்த்து விறைப்பாக இழுத்தாள். முள் அசையவே இல்லை. வெள்ளிக்கிழமை காலை மறுபடியும் கீழே போனாள். அவள் கட்டின விதத்தைச் சொன்னதும் பாசிலியோ கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"குன்றுக்காரங்க எல்லாரும் இதையேதான் செய்யறீங்க. உங்களுக்கு எல்லாமே தூக்குவண்டி. கம்பியை உச்சிக்கு இழுத்துக் கட்டினா சரசரன்னு இறங்கி வந்துடும்னு நினைப்பு. இது அப்படி இல்லம்மா. நுனியைக் காட்டினா இதுக்குக் காது கேக்காது. முழு நீளத்தையும் அகலமாக் காட்டணும்." அவர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்தார். "ரொம்ப நாள் கழிச்சு வர்றவரைக் கட்டிப்பிடிக்க எப்படி நிப்பீங்க? விரலை நீட்டிக்கிட்டா? இப்படித்தானே? இது உச்சியைப் பாத்து இப்படி நிக்கணும். எவ்வளவு உசரமோ அவ்வளவு நல்லது. இரும்பு பக்கத்துல வேண்டாம்."

உச்சியைப் பார்த்து இருந்த சுவர் ஒன்றுதான். அதில் பாதி ஜன்னல். எர்மினியா ஜன்னலுக்குமுன் நின்று யோசித்தாள். திரைச்சீலையைத் தாங்கியது மரக் கழி. அவள் சீலையைக் கழற்றி, மேல் மடிப்பைப் பிரித்து, ஒயரை உள்ளே நீளவாக்கில் விட்டுத் தைத்தாள். நடுவில் இறங்கும் ஒயரை மடிப்பு வழியே ஓரத்துக்கு இழுத்து, ஓரத் தையலுக்குள் மறைத்துக் கீழே ட்யூனரின் பின்பக்கம் கொண்டுபோனாள். ஒரே ஒரு தொல்லை, சீலையை ஒதுக்கினால் ஒயரும் சுருங்கிவிடும். கேட்க வேண்டுமானால் பட்டப்பகலில் சீலையை முழுக்க இழுத்து மூட வேண்டும்.

சாயங்காலம் நிபால்தோ சீட்டாடப் போனதும் மூடிப் பார்த்தாள். முள் லேசாக நடுங்கி, எழுந்து, பாதியில் நின்றது. ஒரு பெண் குரல், நாளைக்கு மேல்தெருவில் தண்ணீர் வராது என்று அறிவித்தது. தண்ணீர் வராத செய்தி கேட்டு அழுதவள் அந்தக் குன்றில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

சனிக்கிழமை. சார்க்கிகானுக்குப் பூசணியும் உருளைக்கிழங்கும் மசித்து, கறித்துண்டுகளைக் கலந்து, சட்டியை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு அடித்தது. நிபால்தோவின் குரல் வந்தது. வீட்டில் பத்து வார்த்தைக்குமேல் சேர்த்துப் பேசாத மனுஷன் அங்கே சரளமாகப் பேசினார், ஜோக் அடித்தார், கிரேனில் மாட்டிக்கொண்ட கழுதைக் கதை சொன்னார். எர்மினியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாளைக்குச் சொல்ல விஷயம் கிடைத்தாயிற்று, கழுதைக் கதையே போதும் என்று எழுந்திருக்கப் பார்த்தாள்.

"கடைசிப் பாட்டுக்கு முன்னாடி, வழக்கம்போல என் வீட்டுக்காரியைப் பத்தி," என்றார் நிபால்தோ.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவளுக்கு இது கேக்காது, உங்க எல்லாருக்கும் தெரியும். ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவ சந்தைக்குப் போனப்ப பெட்டியைப் போட்டேன். நம்ம எண்ணுலதான் நிறுத்தி வெச்சிருக்கா, வர்றது இரைச்சல். ஆனா 'நல்லா இருந்துச்சு'ங்கிறா. நானும் நம்பற மாதிரியே இருந்துக்கறேன். கேக்காதுங்கிற தைரியத்துலதான் வாராவாரம் உங்ககிட்ட அவளைப் பத்திப் பேசறேன். நேர்ல நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும்.

"இன்னிக்குச் சாப்பாட்டுத் தூக்கு கதை. மூட்டை தூக்க ஆளே வேண்டாம்னு துறைமுகத்துக்குக் கன்டெய்னர் வந்த வருஷம் எங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க. நான் வீட்ல சொல்லல. நாலு மாசம், தினமும் காலையில தூக்கை எடுத்துக்கிட்டுக் கிளம்பி, சந்தைக்குப் பின்னாடி பெஞ்சுல உக்காந்து புறாவைப் பாத்துக்கிட்டிருந்தேன். எப்பவும் சார்க்கிகான் மேல ஒரு முட்டை வைப்பா. வேலை போன மூணாம் நாள் தூக்கைத் திறக்கறேன், ரெண்டு முட்டை. மறுநாளும் ரெண்டு. அப்பவே புரிஞ்சுது, இவளுக்குத் தெரியும்னு. ஒரு வார்த்தை கேக்கல. நாலு மாசமும் ரெண்டு முட்டை. வேலை கிடைச்ச அன்னிக்குத் திரும்ப ஒண்ணு. இருபது வருஷத்துக்குமேல ஆச்சு, அதுக்கு நான் இன்னும் ஒரு நன்றி சொல்லல."

பெட்டியில் அவர் நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. 

"நாளைக்கு யோலாந்தா அவளை மைக்ல பேசச் சொல்லியிருக்கா. தயவுசெஞ்சு யாரும் அவளைக் குடைஞ்சு கேக்காதீங்க. அவ என்ன சொன்னாலும் கைதட்டிடுங்க. சரி, பாட்டு."

பாட்டு என்ன பாட்டு என்று எர்மினியாவுக்குத் தெரியாது. கொத்தமல்லிக் கட்டும், சீட்டுக்காரியின் சிரிப்பும், யோலாந்தாவின் சிரிப்பும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கேலி என்று நினைத்தாளே, பாவி. ஏப்ரன் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இனிமேல் தனக்குக் கேட்கிறது என்று சொன்னால் அந்த மனுஷன் வாயை மூடிக்கொள்வார். சொல்லாமல் இருந்தால், இருபது வருஷம் சுமந்த நன்றி வந்து சேர்ந்தது அவருக்குத் தெரியாமலே போகும். இரண்டையும் நினைத்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒரு மணிக்கு நிபால்தோ வந்தார். தொப்பியை மாட்டினார்.

"கேட்டியா, கிழவி?"

"கேட்டேன்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. குரல் தெளிவா இருந்துச்சு."

அவர் எப்போதும்போலத் தலையை ஆட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். "ஏன் இவ்வளவு இருட்டா இருக்கு? சீலையை எதுக்கு மூடி வெச்சிருக்கே?"

எர்மினியா தட்டைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். சார்க்கிகான், அதன்மேல் பொரித்த முட்டை இரண்டு.

நிபால்தோ கரண்டியை எடுத்தார், வைத்துவிட்டார். முட்டைகளையே பார்த்தார். பிறகு மூடிக் கிடந்த திரைச்சீலையை, அதன் ஓரத் தையலை, அதிலிருந்து ட்யூனருக்குப் போன ஒயரைப் பார்த்தார். அவர் காதுகள் சிவந்துபோயின. எர்மினியா எதிரில் உட்கார்ந்து தன் தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் முட்டையைச் சாப்பிட்டார். இரண்டாவதையும் சாப்பிட்டார். மஞ்சள் கருவை ரொட்டியால் துடைத்தார்.

"நாளைக்கு மைக்ல என்ன சொல்லப் போறே?" என்று தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எப்பவும் சொல்றதைத்தான். நல்லா இருந்துச்சுன்னு."

"சரி," என்றார் நிபால்தோ. எழுந்து ஜன்னலருகே போனார். சீலையை ஒதுக்கப் போகிறார் என்று நினைத்தாள். ஒரு மூலையில் அது கொஞ்சம் சுருங்கியிருந்தது. அதை இழுத்து நேராக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.