கணக்கில் கென்ட்ரெல்

கென்ட்ரெல்லைப் புதைத்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவன் அக்கா கார்லிஸ், வந்தவர்களுக்காகச் சுட்டெடுத்த சீஸ் மக்ரோனியைத் துண்டு போட்டுத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்குப் பதினெட்டு வயது. பிறவியிலேயே ரத்தத்தில் கோளாறு. வலி வந்தால் பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரிதான். பிப்ரவரியில் துணைத் தலைமையாசிரியர் ஹால்வர்சன், இத்தனை நாள் வராதவன் இந்த வருடம் படிப்பை முடிக்க மாட்டான், பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள் என்று மென்மையாகச் சொன்னார். அம்மா ஒடெட் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவன் முடிப்பான் என்ற நம்பிக்கையை அன்றே விட்டுவிட்டாள்.

அதே ஹால்வர்சன் இப்போது வந்து எதிரே உட்கார்ந்தார். வெர்லீன் சித்தி தட்டை நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க சார். எங்க வீட்டுக் கோழியைத் தின்னா கையைத் துடைக்கக் கூடாது, நக்கணும்."

அவர் சிரிக்க முயன்றார். ஒடெட் நேராகக் கேட்டாள்.

"நாளைக்குப் பட்டமளிப்பு விழா மேடையில எம்புள்ள பேரைக் கூப்பிடுவீங்களா?"

"ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்மா. பேரு, படிப்பை முடிச்சவங்களுக்கு மட்டும்தான். ஆனா ஒண்ணு, பாதியில விட்டவன்னு அவன் பேர்ல எதுவும் வராது. இறந்தவங்களைக் கணக்குலேர்ந்தே எடுத்துடுவோம்."

"எடுத்துட்டா?" என்றாள் கார்லிஸ்.

"நூத்துக்கு எத்தனை பேர் முடிச்சாங்கன்னு பாக்கறப்போ அந்த நூறுலயே இருக்க மாட்டான். இந்த வருஷம் கறுப்புப் பிள்ளைங்களுக்கும் வெள்ளைப் பிள்ளைங்களுக்கும் இருந்த வித்தியாசம் நல்லாவே குறைஞ்சிருக்கு."

"செத்தவனைக் கழிச்சு, வேற பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டவனைக் கழிச்சுப் பாத்தா குறையாம என்ன செய்யும்?" என்றாள் வெர்லீன். "அப்படிக் கழிச்சு எடை போட்டா நானும் ஒல்லிதான்."

பக்கத்து மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"விடு வெர்லீன்," என்றாள் ஒடெட். அவள் தட்டில் எதுவும் குறையவில்லை. "நல்லதுக்குத்தான் சொல்றார். எடுத்துடுங்க சார்."

கார்லிஸ் கரண்டியை வைத்தாள். தம்பியிடம் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அம்மா ஒரு சேதியை நாளைக்கு அந்த விழா மண்டபத்தில்தான் கேட்க வேண்டும், அதுவரை மூச்சு விடக் கூடாது என்றிருந்தான். மண்டபத்தில் இனி யாரும் சொல்லப்போவதில்லை.

"எடுக்காதீங்க சார்."

"கார்லிஸ், வேணாம்டி," என்றாள் ஒடெட்.

"அந்த நூறுல அவனும் இருக்கட்டும். உங்க ஆபீஸ்ல மார்க்கு வந்து கிடக்கு. இவன் எங்க தேறப்போறான்னு யாரும் பிரிச்சே பாத்திருக்க மாட்டீங்க."

ஹால்வர்சன் வாயைத் திறந்தார். கார்லிஸ் அவரைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, ஆஸ்பத்திரிக் கட்டில்லயே கடைசிப் பரீட்சை எழுதினான். கண்ணை மூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி மார்க்கு வந்துச்சு, அவனே பாத்தான். அவன் முடிச்சுட்டான்மா."