மைனாவின் கழுத்து நரம்பு

1956ஆம் ஆண்டு ஆவணி மாதத்துக்குள், ஷேக் தாவூதின் ஜட்காக் குதிரை மேல் காயம் நிற்காது என்பது திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரம் வரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காவிரிப் பாலத்தில் ஒரு லாரியின் தகடு அதன் விலாவை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்தது. தாவூது தலைத்துண்டை அவிழ்த்து ரத்தத்தை ஒற்றப் போவதற்குள் தசை சேர்ந்து, தோல் மூடி, மேலே மயிரும் படிந்துவிட்டது. வண்டியிலிருந்த சவாரிகள் இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று கடிந்துகொண்டார். அந்த வாரம் மழை பெய்தது, கத்தரிக்காய் விலை ஏறியது, மைனா என்கிற அந்தப் பழுப்புப் பெட்டைக் குதிரை வழக்கம்போல ஓடியது.

கொள்ளிடக் கரையில் ஒரு பழைய உப்புக் கிடங்கில் அரசாங்கம் கால்நடை ஆய்வுக்கூடம் ஒன்றைத் தொடங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதன் பொறுப்பு டாக்டர் அக்னஸிடம். மேலப்புதூர்க்காரி, முப்பத்தொரு வயது, சென்னையில் படித்தவள். கோழிக்கழிச்சலைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் ரணஜன்னியை எடுத்துக்கொண்டாள். ஆணி ஏறிய குளம்பு வழியாகவோ முள் கிழித்த மடி வழியாகவோ மண்ணிலிருக்கும் கிருமி உள்ளே போய் விஷம் கக்கும். தாடை பூட்டிக்கொள்ளும், உடம்பு பலகையாக விறைக்கும், பிறகு மாட்டைப் புதைக்க வேண்டியதுதான். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்கினால் அதன் ரத்தத்தில் மாற்று மருந்து ஊறும். ரத்தத்தை உறையவிட்டு, மேலே தெளியும் வைக்கோல் நிற நீரைப் புட்டியில் அடைத்தால் அதுதான் சீரம். இதற்கு நல்ல குதிரை வேண்டும். அக்னஸ் பாலக்கரைக்குப் போய்த் தாவூதைக் கேட்டாள்.

"குதிரைய மட்டும் தர மாட்டேன் டாக்டரம்மா. நானும் கூட வருவேன்" என்றார் தாவூது. அப்படித்தான் அவர் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஆனார்.

நாலு மாதத்தில் இருபது குதிரைகளைக் கொல்லக்கூடிய விஷம் மைனாவுக்குள் போனது. அது புல் தின்றுகொண்டிருந்தது. ஆனால் ரத்தம் எடுக்கக் கழுத்து நரம்பில் ஊசியைச் செலுத்தினால், சதை ஊசியைச் சுற்றி மூடிக்கொண்டது. ஒரு சொட்டு வரவில்லை. பதினோரு ஊசிகள் வளைந்தன. அக்னஸ் ஒவ்வொன்றையும் தேதி போட்டுக் குறித்துவைத்தாள். ஜில்லாவிலேயே சிறந்த மருந்து தன் கொட்டகையில் நான்கு காலில் நிற்கிறது, எடுக்கத்தான் வழியில்லை என்பது அவளைச் சாப்பிடவிடாமல் பண்ணியது.

1957 தை மாதம், அம்மாமண்டபம் ரோட்டில் பால் கறந்து விற்கும் ராக்கம்மாள், தன் மாட்டுக்கு மருந்து கேட்டு நடந்தே வந்தாள். கம்பி கிழித்த காயத்தில் ஜன்னி கண்டுவிட்டது. மருந்து குதிரைக்குள் இருக்கிறது, வெளியே வர மாட்டேன் என்கிறது என்று அக்னஸ் உள்ளதைச் சொன்னாள். ராக்கம்மாள் நேரே கொட்டகைக்குப் போய்க் குதிரையின் காதருகே நின்றாள்.

"ஏம்மா, உன்கிட்டதான் இருக்காம். எங்க பவளத்துக்கு வாய் பூட்டிக்கிச்சு. மூணு ஈத்து ஆச்சு, ஒருத்தரையும் முட்டினதில்ல. கொஞ்சம் குடு."

மைனாவின் கழுத்து நரம்பு தானாகத் திறந்தது. அக்னஸ் ஓடிப்போய்ச் சுத்தம் செய்த புட்டியை ஏந்தினாள். ரத்தம் நூல் பிடித்தாற்போல இறங்கி, பவளத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு நிறைந்ததும் நரம்பு மூடிக்கொண்டது. ஒன்பதாம் நாள் பவளம் வைக்கோல் கடித்தது.

அக்னஸ் எதையும் ஒரு தடவை பார்த்து நம்புகிறவள் அல்ல. மூன்று மாதம் சோதித்தாள். பிராணியின் பெயரும் இருக்கும் இடமும் சொன்னால் மைனா கொடுத்தது. யார் சொன்னாலும் கொடுத்தது. ஒருநாள் இல்லாத எருமைக்கு அக்னஸே ஒரு பெயர் கட்டிச் சொன்னாள். நரம்பு திறக்கவில்லை. குதிரை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லி மதர் கையில் பிடிபட்ட நாளுக்குப் பிறகு அவள் அவ்வளவு கூசிப்போனதில்லை. அதையும் குறித்துவைத்தாள்.

அடுத்த மூன்று வருஷத்தில் முந்நூற்று நாற்பது பிராணிகள் பிழைத்தன. 1960 கடைசியில் சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி ஸ்தனிஸ்லாஸ் வந்தார். கறாரான மனிதர், கெட்டவர் இல்லை. மாதம் நூறு புட்டி கையிருப்பு வேண்டும் என்றார்.

"கையிருப்புக்குப் பேர் இல்லையே சார்" என்றாள் அக்னஸ்.

அவரே முயன்று பார்த்தார். கையிருப்பு, பொது உபயோகம், மாகாண நலன் என்று ஸ்தனிஸ்லாஸ் குதிரையின் காதில் ஒவ்வொன்றாகச் சொன்னார். மைனா காதை ஆட்டி ஈயை விரட்டியது. பலனற்ற பிராணி என்று எழுதி ஏலத்துக்கு உத்தரவு போட்டார். அக்னஸ் நாலு தடவை ஆட்சேபம் எழுதினாள். ஏலம் 1961 ஆடி மாதத்துக்குத் தள்ளிப்போனதுதான் மிச்சம்.

ஏலத்துக்கு இரண்டு நாள் முன்னால் முக்கொம்புக்கு மேலே ஆறு கரையை உடைத்தது. தொட்டியம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் முட்டுக் கொடுத்திருந்த மூங்கில்கள் எல்லாம் பிளந்து வெள்ளத்தில் ஈட்டியாக வந்தன. நீந்திக் கரையேறிய மாடுகளில் இருநூற்றுப் பன்னிரண்டுக்கு உடம்பில் ஓட்டை. புண்ணில் சேறு. சீரம் உடனே போகாவிட்டால் அடுத்தடுத்து ஜன்னி காணும். தாவூதும் ராக்கம்மாளும் மேட்டில் தங்கியிருந்த ஜனங்களிடம் போய் ஒவ்வொரு மாட்டின் பெயரையும் ஊரையும் எழுதிவந்தார்கள். தாவூது கேட்டுச் சொல்ல, கூடப் போன ராக்கம்மாளின் மருமகள் எழுதினாள். ஏழு தாள் ஆனது.

ஏலம் நடத்த வந்த ஸ்தனிஸ்லாஸ் கொட்டகையில் பெயர் வாசித்துக்கொண்டிருந்த கூட்டத்துக்குள் வந்து சேர்ந்தார். காலையிலிருந்து குதிரையின் காதில் வாசித்து அக்னஸின் தொண்டை கட்டியிருந்தது. அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "குடுங்க மிஸ் அக்னஸ், நான் மாதா கோயில்ல வாசகம் படிக்கிறவன்" என்று தாளை வாங்கிக்கொண்டார். செங்காரி, தொட்டியம். மயிலை, தொட்டியம். லட்சுமி, சீனிவாசநல்லூர். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அவுன்ஸ் இறங்கியது.

நூற்று எண்பத்தோராவது பெயரில் அக்னஸ் குதிரையின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. முன்கால்கள் நடுங்கின. நிறுத்தச் சொன்னாள். அவர் நிறுத்தினார். நரம்பு மூடவில்லை. திறந்தபடி, மிச்சப் பெயர்களுக்காகச் சொட்டிக்கொண்டு நின்றது. விரலால் அழுத்தியும் அடங்கவில்லை.

"படிச்சிடுங்கம்மா" என்றார் தாவூது. அவர் முகம் அவரிடம் இல்லை. "ஆரம்பிச்சத அது பாதியில விடாது."

"இன்னும் முப்பத்தொண்ணு இருக்கு பாய். செத்துப்போயிடும்."

"தெரியுதும்மா. அதுக்கும் தெரியும்."

அக்னஸ் தாளை வாங்கினாள். பேனாவைத் திறந்து, அடுத்த பெயருக்கு மேலே இருந்த இடுக்கில் ஒரு வரி எழுதினாள். பிறகு குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கட்டிய தொண்டையோடு அதன் காதில் அந்த வரியை வாசித்தாள்.

"மைனா. பாலக்கரை. ஷேக் தாவூது வளர்க்கும் குதிரை."

நரம்பு மூடிக்கொண்டது. குதிரை முழங்காலை மடித்து மெல்லப் படுத்தது. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. தாவூது வெல்லம் கரைத்த தண்ணீரும் கொள்ளுக் கஞ்சியுமாகப் பக்கத்திலேயே இருந்தார். பத்தாம் நாள் அது கொட்டகைக் கதவைத் தலையால் முட்டியபோது மிச்சப் பெயர்களை வாசித்தார்கள். அதற்குள் நாலு மாடுகள் போய்விட்டிருந்தன. அந்த நாலு வீட்டுக்கும் அக்னஸ் தானே போய், குதிரையைக் காப்பாற்ற வேண்டியிருந்ததால் நிறுத்தினேன் என்று சொன்னாள். மூன்று வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில் கொடுக்கவில்லை. நிறுத்தியது சரி என்பதில் அவளுக்கு அன்றும் சந்தேகமில்லை, பிறகும் இல்லை.

ஸ்தனிஸ்லாஸ் ஏல உத்தரவைத் தானே கிழித்தார். அறிக்கையில் 'இரத்தம் எடுக்கும் முறை' என்ற இடத்தில் 'கேட்டு வாங்குதல்' என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேலிடத்திலிருந்து ஒரு விளக்கமும் கேட்டு வரவில்லை. 1963இல் சீரத்துக்கான விண்ணப்பப் படிவம் புதிதாக அச்சாகி வந்தபோது, பிராணியின் இனம், வயது, நிறம் ஆகியவற்றுக்கு மேலே 'பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது.

1966 மாசியில் முசிறிப் பக்கமிருந்து ஆண்டி என்ற விவசாயி, தொப்புளில் புண் வைத்த கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். எழுத்தர் பிலோமின்ராஜ் படிவத்தைப் பார்த்தார்.

"பேர் போடலியே."

"பொறந்து நாலு நாள்தாங்க ஆச்சு. இன்னும் வைக்கல."

"பேர் இல்லாட்டி மருந்து இறங்காதுங்க. வெளிய போய் வெச்சிட்டு வாங்க. ஒரு மணிக்குள்ள வந்துடுங்க, சாப்பாட்டு நேரம்."

ஆண்டி இதில் நியாயமில்லை என்று நினைக்கவில்லை. வெளியே போய், வேப்பமரத்தடியில் கன்றை இறக்கி வைத்து, அதன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பெயரோடு உள்ளே வந்தார்.