கணுக்கால் பட்டை

"தண்ணிய ஊத்து யோகேஸ், கால் பக்கம் இன்னும் நனையல," என்றார் சித்தப்பா தங்கையா.

யோகேஸ்வரி குடத்தைச் சாய்த்தாள். தோட்ட லயத்து வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்த அப்பாவின் உடலில், குதிகாலிலிருந்து ஒரு பழந்துணி நழுவியது. அடியில் கறுத்து அழுகிய புண். சீயக்காயையும் மீறி நாற்றம் எழுந்தது. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

படுக்கைப் புண். நடக்கிறவருக்கு அது வராது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு, வீட்டிலேயே பயிற்சி செய்ய, சிகிச்சை மையத்தில் ஒரு பட்டை கொடுத்திருந்தார்கள். கணுக்காலில் கட்டினால் நடப்பதை எண்ணும். போதுமான அளவு நடந்தால், கோலா தெர்லா ஊரில் இருக்கும் யோகேஸ்வரியின் போனில் பச்சைக் குறி விழும். விழாத நாளில் தம்பி தினேஸ்வரனைக் கூப்பிட்டுக் கத்துவாள். சில மாதங்களாகப் பச்சை தவறவில்லை. அவளும் வந்து பார்க்கவில்லை.

தினேஸ்வரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுத்த குடத்தோடு வந்தான். அவன் கணுக்காலைச் சுற்றி, பட்டையின் அகலத்துக்கு, ரோமம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"நீ கட்டிக்கிட்டியாடா?" என்றாள் மெதுவாக.

"தேயிலக் கொழுந்து வெட்டுற மெஷினத் தூக்கிக்கிட்டு நாள் பூரா மேடு ஏறி எறங்குறேன். எனக்கு விழாத பச்சையா?"

"அப்பாவ?"

"எழுப்பி நிறுத்துனா அவரு கத்துவாரு. நிறுத்தலன்னா நீ கத்துவ. ரெண்டு பேரு வாயயும் அடைக்கணும்லா."

"கால் அழுகிக் கெடக்குடா."

"போன்ல நாத்தம் வராதுல்லக்கா. பச்சயப் பாத்து நீ நிம்மதியாத்தான இருந்த?"

அவள் நழுவிய துணியை எடுத்துப் புண்ணின் மேல் போட்டாள்.

"கடைசி வரைக்கும் விடாம நடந்த மனுசன்," என்றார் தங்கையா, எல்லோருக்கும் கேட்கும்படி. "பெத்தா இப்படிப் புள்ளயப் பெக்கணும். கொள்ளி வைக்க இவன் குடுத்து வச்சவன். என்னம்மா?"

இவன் வைக்கக் கூடாது என்று சொல்ல வாயைத் திறந்தாள். தினேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்பார்கள். அவன் சொல்வான், அவள் போனையே பார்த்துக்கொண்டு வராமல் இருந்ததையும் சொல்வான்.

"ஆமா சித்தப்பா," என்றாள்.

புதுவேட்டி கட்டி முடித்ததும், பக்கத்து வீட்டு மாரியம்மா வாய்க்கரிசித் தட்டை நீட்டினாள். தினேஸ்வரன் அள்ளிப் போட்டான். அடுத்து யோகேஸ்வரி. அவன் விரல் பட்ட பக்கத்தை விட்டு, தட்டின் மறு ஓரத்தில் கொஞ்சம் எடுத்தாள்.

போட்டுவிட்டுக் கையைச் சேலையில் துடைத்தாள். காய்ந்த கைதான். மறுபடியும் துடைத்தாள்.