பின்வரிசைத் தொட்டிகள்

குளிர்காலம் முழுக்க வாரம் தவறாமல் வாசனைத் தழை தருகிறேன் என்று ஓட்டல் மாஸ்டரிடம் அக்கா சொல்லியிருந்தாள். மறுநாள் காலை அவர் தொட்டிகளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் தலையாட்டினால் கொல்லை அக்காவுக்கு. இல்லையென்றால் மாமா தன் கடையின் காலிப் பெட்டிகளை அங்கே அடுக்குவார். புருஷன் பெண்டாட்டிக்குள் அப்படித்தான் பேச்சு.

நாங்கள் கீரைக்கடைக்காரர் பிள்ளைகள். சரக்கை எப்படிக் காட்டுவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாயங்காலம் அக்கா தொட்டிகளுக்குச் சாக்கு போர்த்திவிட்டு உள்ளே போனதும் நான் களத்தில் இறங்கினேன். கொழுகொழுவென்றிருந்த சமையல் துளசியையும் புதினாவையும் முன்வரிசைக்கு இழுத்தேன். சாக்கை உருவினேன், ஆள் வரும்போது கடை மூடியா கிடக்கும்? கை நிறையத் தண்ணீர் அள்ளி இலைமேல் தெளித்தேன். கல் வைத்த நகை தோற்றது.

தைம் என்கிற மணத்தழை நான்கு தொட்டி. குச்சியும் பொடி இலையுமாகப் பார்க்கவே பரிதாபம். மட்டச் சரக்கை எங்கே வைப்போமோ அங்கே, சுவரோரம் தள்ளி, உருவிய சாக்கையெல்லாம் அதன்மேல் போட்டு மறைத்தேன்.

விடிந்து பார்த்தால் உறைபனி. முன்வரிசை வேகவைத்த கீரையாகக் கறுத்துத் தொங்கியது.

"யாருடா சாக்கை எடுத்தது?"

"நான்தான்க்கா. பாக்க அழகா இருக்கட்டுமேன்னு..."

"சாயங்காலம் இலையில ஒரு சொட்டுத் தண்ணி படவிடமாட்டேன். நீ குளிப்பாட்டி, போர்வையை உருவி, பனியில நிக்க வெச்சிருக்கே! உன்னை அப்படி நிக்க வெச்சாத் தெரியும்."

பெட்டியைப் பற்றிப் பேச வாயெடுத்த மாமா, அவள் முகத்தைப் பார்த்துப் பேச்சைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினார்.

அதற்குள் மாஸ்டர் வந்துவிட்டார்.

"மாஸ்டர், நேத்து நீங்க பாத்திருக்கணும்..." என்று ஆரம்பித்தேன்.

"தம்பி, முன்னாடி அடுக்கினதை நான் எந்தக் கடையிலயும் பாக்கறதில்ல. பின்னாடி என்ன மறைச்சு வெச்சிருக்கே?"

அவரே போய்ச் சாக்கைத் தூக்கினார். தைம் பச்சையாக நின்றது. ஒரு குச்சியைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தார். இன்னொரு தடவை முகர்ந்தார்.

"இது குளிர் தாங்குமாம்மா?"

அக்கா முன்னால் வந்தாள். "தண்ணி தேங்காம இருந்தாத் தாங்கும். மெதுவாத்தான் வளரும். வாரம் நாலு கட்டு. அதுக்கு மேல கேக்கக் கூடாது."

"புதினா?"

"ஒட்ட வெட்டிடுவேன். வேர் சாகாது, குளிர் விட்டதும் தானா வரும். துளசி போனது போனதுதான். ஜன்னலுக்கு உள்பக்கம் புதுசா விதைக்கணும்."

"போனதைப் போச்சுன்னு சொல்ற வியாபாரியை இப்பத்தான் பாக்கறேன். நாலு கட்டு. வியாழக்கிழமை ஆள் வரும்."

"அஞ்சா எடுத்துக்கங்க மாஸ்டர்," என்றது என் பரம்பரை வாய். அக்கா என் காலை மிதித்தாள்.

அவர் போனதும் மாமா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொல்லையை விடமாட்டார் என்று நினைத்தேன். அவரோ அவற்றைச் சுவரோரமாக வரிசையாய்க் கவிழ்த்துப் போட்டார்.

"தரை சில்லுனு இருக்கு. தொட்டியை இது மேல வை," என்றார், யாரையும் பார்க்காமல்.

அன்றிலிருந்து சாயங்காலம் சாக்கு போர்த்துவது என் வேலை. தண்ணீர்ப் பக்கம் மட்டும் அக்கா என்னை விடுவதில்லை.