பேச்சியம்மன் கேட்ட படிப்பு

எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பிளஸ் டூ பாஸானால், அது அடுத்து என்ன படிக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளையைத் தவிர எல்லோருக்கும் தெரியும். எனக்கும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். நான் சேர்ந்த வருஷம் மெக்கானிக்கலுக்குத்தான் எதிர்காலம் இருந்தது. படித்து வெளியே வந்தபோது அந்த எதிர்காலம் வேறு பாடத்துக்கு மாறிப் போயிருந்தது. இப்போது அருப்புக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் பேண்ட் துணி வெட்டிக் கொடுக்கிறேன். இஞ்சு பிசகாமல் வெட்டுவதாக முதலாளி பாராட்டுகிறார். என்ஜினியர் என்றால் சும்மாவா?

எனக்கு அந்தப் படிப்பைச் சொன்னவர் தாய்மாமன் அய்யப்பன். மனிதர் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டுமே! என் தங்கை ஜெகதீஸ்வரிக்கு ரிசல்ட் வந்த மறுநாளே பாளையம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டார்.

"மாப்ள, இனிமே எல்லாம் ஏஐதான். கண்ண மூடிக்கிட்டு அதுல சேத்து விடுங்க" என்றார் அப்பாவிடம்.

"ஏஐன்னா என்ன மாமா?" என்றேன்.

"அது படிக்கிறவுகளுக்குத் தெரியும். எனக்கு எதுக்கு?"

ஜெகதீஸ்வரி சுவரோரமாக நின்று, "நான் ஜியாலஜி படிக்கப் போறேன்" என்றாள். "பாறை, மண்ணு, நெலத்துக்கு அடியில ஓடுற தண்ணி, இதப் பத்தின படிப்பு."

அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சொளகைக் கீழே வைத்தாள். "மண்ணப் பத்திப் படிக்க காலேஜுக்குப் போகணுமாடி? நம்ம காட்டுல கெடக்குறது என்ன?"

காடு என்று நாங்கள் சொல்லும் அந்த மானாவாரி நிலத்தில்தான் என் தங்கைக்கு இந்த ஆசை பிடித்தது. பேச்சியம்மன் கோயில் கோடாங்கி ஐயாத்துரை உடுக்கை அடித்துக் குறி பார்த்துக் காட்டிய இடங்களில் அப்பா தண்ணீருக்காக மூன்று தடவை போர் போட்டார். மூன்றிலும் புழுதிதான் வந்தது. லாரி இரைச்சலில் நாங்களெல்லாம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் பக்கத்தில் நின்று, முதலில் மஞ்சளாக வந்த தூள் எப்போது சாம்பல் நிறமாகிறது, எந்த ஆழத்தில் சிவக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். ஏன் தண்ணீர் வரவில்லை என்று கோடாங்கியிடமே கேட்டாள். "உங்க நேரம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை.

அப்பா கருத்தப்பாண்டி யாருக்கும் பிடிகொடுக்கவில்லை. "ஆத்தாகிட்ட கேட்டுருவோம்" என்றார். எங்கள் வீட்டில் மாடு வாங்குவதிலிருந்து கல்யாணம் வரை பேச்சியம்மன் கோயிலில் குறி கேட்டுத்தான் நடக்கும். மறுநாளே விண்ணப்பம் போட்டுவிட வேண்டும் என்று மாமா அவசரப்படுத்தியதால் அன்றைக்கே கிளம்பினோம்.

கோயிலில் நாங்கள் பூ, பழம் எடுத்து வைப்பதற்குள் மாமா கோடாங்கியைத் தனியாக வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப்போய் வெகுநேரம் குசுகுசுத்தார். என்ன பேசினார்கள் என்பது உடுக்கை அடித்ததுமே தெரிந்துவிட்டது. ஐயாத்துரை உடம்பு நடுங்க, நாக்கைக் கடித்துக்கொண்டு, "பொட்டி தெரியுது! வெளிச்சமா ஒரு பொட்டி! புள்ள வெரலால தட்டுது!" என்றார்.

"கம்ப்யூட்டரு!" என்று மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தங்கையின் முகம் செத்துவிட்டது. என்னை அனுப்பிய அதே வண்டியில் இவளையும் ஏற்றுகிறார்களே என்று நினைத்தேன். வாயைத் திறக்கத்தான் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் அவள் தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, "டேய்!" என்று ஒரு சத்தம் போட்டாள். உடுக்கை நின்றது.

"நான் பேச்சி வந்திருக்கேண்டா! எம்புள்ளைய ஜியாலஜியில சேத்து விடுங்கடா!"

அம்மா தடாலென்று காலில் விழுந்தாள். மாமாவும் கும்பிட்டார். கும்பிட்ட கையை எடுக்காமலே, "ஆத்தா, அதுல வேலை கெடைக்குமா?" என்று கேட்டார்.

"நீ சொன்னதப் படிச்சவன் எங்கடா நிக்கிறான்?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா மெல்ல அம்மாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

கோடாங்கி மட்டும் அசையவில்லை. தொழில் போட்டி வந்துவிட்டதே! "வந்திருக்கது ஆத்தாதான்னா ஒரு வார்த்த சொல்லட்டும். இவுக காட்டுல தண்ணி எந்த எடத்துல இருக்கு?"

ஓர் இடத்தைக் காட்டி அங்கேயும் புழுதி வந்தால் அன்றோடு படிப்பு போச்சு. காட்டாவிட்டால் இப்போதே போச்சு. பேச்சியம்மனை நான் மனசாரக் கும்பிட்டது அன்றுதான், அதுவும் அவள் பேரில் பொய் சொன்னவளைக் காப்பாற்றச் சொல்லி.

ஜெகதீஸ்வரி கொஞ்ச நேரம் ஆடினாள். பிறகு கோடாங்கியை நேராகப் பார்த்து உறுமினாள்.

"அதப் படிச்சிட்டு வந்துதாண்டா சொல்லணும்! நீ படிக்காமச் சொன்னியே, வந்துச்சா?"

அப்படியே அம்மா மடியில் சாய்ந்துவிட்டாள். அப்பா திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசி, "உத்தரவு ஆத்தா" என்றார். கோடாங்கி உடுக்கையைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவும் மாமாவும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தாவுக்கு இங்கிலீஷ் எப்படித் தெரியும் என்று மாமா கேட்க, தெய்வத்துக்குத் தெரியாதது உண்டா என்று அம்மா அவரைத் திட்டிக்கொண்டிருந்தாள். பின் சீட்டில் நாங்கள் மூன்று பேர். தங்கை தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"சாமி வந்தா நாக்கக் கடிக்கும்" என்றார் அப்பா மெதுவாக. "நீ கடிக்கலையே தாயி."

அவள் கை பின்னலிலேயே நின்றுவிட்டது.

அப்பா ஜன்னல் வழியாகக் கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் காடும் தாண்டிப் போனது.

"மூணு தடவையும் நாக்கக் கடிச்சுக்கிட்டுத்தான் எடத்தக் காட்டுனாக" என்றார். "காலையில வெள்ளன எந்திரி. அப்ளிகேசன் போட்டுட்டு வந்துருவோம்."